பின்னணி இசைக்கு இடம் விடுங்கள்



இன்றைய படங்களின் பின்னணி இசை மனதில் தங்குவதில்லை என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. குறை உண்மைதான். ஆனால் பழியை இசையமைப்பாளர்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

'நாயகன்' (1987) படத்தை மறுபடி பாருங்கள். 'தென்பாண்டிச் சீமையிலே' மெட்டு அங்கே ஒரு பாட்டோடு முடிந்துவிடவில்லை. இளையராஜா குரலில் வருகிறது, கமல்ஹாசன் குரலில் வருகிறது, யாரும் பாடாத காட்சிகளிலும் வாத்தியத்தில் மெல்லத் தலைகாட்டுகிறது. படத்தின் நாயகன் வேலு நாயக்கருக்கு வயது ஏற ஏற அதே மெட்டின் பாரமும் ஏறுகிறது. படம் பார்த்தவருக்கு அந்த மெட்டு எப்படி மறக்கும்? அதுபோலவே 'மௌன ராகம்' (1986) தீம் இசை இன்றும் பலருக்கு ரிங்டோன்.

இப்போதும் இது முடியாததல்ல. '96' (2018) படத்தில் இசையமைப்பாளர் கோவிந்த் வசந்தாவின் வயலினைக் கேட்டாலே நாயகன் ராமும் நாயகி ஜானுவும் கண்முன் வந்துவிடுகிறார்கள். அந்தப் படத்தில் பாத்திரங்கள் பேசாமல் இருக்கும் நேரம் அதிகம். இசைக்கு இடம் கிடைத்தது. பெரிய நடிகர்களின் படங்களிலோ நாயகன் நடந்தால், திரும்பினால், கண்ணாடி மாட்டினால் எல்லாம் டிரம்ஸ் அதிர்கிறது. வசனம்கூடக் காதில் விழுவதில்லை. எல்லா இடத்திலும் உச்சம் என்றால் எதைத்தான் நினைவில் வைப்பது?

இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படத்துக்கு ஒரே ஒரு நல்ல மெட்டைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கதையோடு வளரவிடுங்கள். சில காட்சிகளையாவது இசையே இல்லாமல் விடுங்கள்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்