24,000 ரூபாய் சம்பளம், 15,000 ரூபாய் கணக்கு

ஒன்றியத் தொழிலாளர் துறை அமைச்சர் அவர்களுக்கு,

கோவை கணபதிப் பக்கம் பவர் பிரஸ் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 25, மாதச் சம்பளம் 24,000 ரூபாய், மனைவி, ஒரு குழந்தை. அவர் பிரஸ்ஸில் சிக்கி இறந்துபோனால், சம்பளத்தில் பாதியை அவர் வயதுக்குரிய 216.91 என்ற காரணியால் பெருக்கி இழப்பீடு தரச் சொல்கிறது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. 26 லட்ச ரூபாய் வர வேண்டும். ஆனால் வராது. என்ன சம்பளம் வாங்கியிருந்தாலும் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் உங்கள் அமைச்சகம் உச்சவரம்பு வைத்தது. குடும்பத்துக்குக் கிடைப்பது 16 லட்சத்து 26 ஆயிரத்துச் சொச்சம்.

அதே மனிதர் பட்டறை வாசலில் லாரி மோதி இறந்திருந்தால், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் அவருடைய உண்மையான வருமானத்தைப் பார்க்கும். நிரந்தர வேலை இல்லாதவர் என்றாலும், 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி எதிர்கால ஊதிய உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்கும். சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்த பிறகும் தொகை 48 லட்சத்தைத் தாண்டும். அங்கே ஓட்டுநரின் தவறை நிரூபிக்க வேண்டும், இங்கே முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சலுகைக்காக மூன்றில் இரண்டு பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்வது என்ன நியாயம்?

இன்னொரு விசித்திரம். தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யில் சேர்வதற்கான சம்பள உச்சவரம்பு 2017 முதல் 21,000 ரூபாய். ஈ.எஸ்.ஐ. நடைமுறையில் உள்ள ஆலைகளில் அதற்கு மேல் வாங்குகிறவர்கள்தான் அந்தச் சட்டத் தொகுப்பின் இழப்பீட்டை நம்பியிருக்கிறார்கள். அவர்களில் 15,000 ரூபாய் வாங்குகிறவர் ஒருவர்கூட இருக்க வழியில்லை. இல்லாத சம்பளத்துக்குத்தான் கணக்குப் போடுகிறோம்.

 

உச்சவரம்பை எடுத்தால் சிறு பட்டறைக்காரர்கள் தாங்க மாட்டார்கள் என்று உங்களிடம் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. அதற்கு வழி, வண்டிகளுக்கு இருப்பதுபோல் தொழிலாளர் இழப்பீட்டுக்கும் காப்பீட்டைக் கட்டாயமாக்குவது. சுமையை இறந்தவரின் மனைவி தலையில் இறக்குவது அல்ல.

உச்சவரம்பை எடுக்கவோ உயர்த்தவோ நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த அதிகாரத்தை ஒன்றிய அரசிடமே கொடுத்திருக்கிறது. ஓர் அறிவிக்கை போதும். 4,000 ரூபாய் 2010இல் 8,000 ஆனது. அது 15,000 ஆக இன்னும் பத்து ஆண்டு பிடித்தது. இந்த முறை அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டாம். விபத்து நடந்த நாளில் இருந்த வரம்புதான் செல்லும், பிறகு வரும் உயர்வு பின்னோக்கிப் பாயாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் கையெழுத்திடுவதற்கு முந்தைய நாள் பிரஸ்ஸில் கையைப் பறிகொடுத்தவருக்கு, வழக்கு எத்தனை ஆண்டு நடந்தாலும், 15,000 ரூபாய்தான் சம்பளம்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு குடிமகன்