புகையை விட்டவரின் மனச்சோர்வும் நிகோட்டின் மாற்றுப் பொருள்களும்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்று, கல்லாற்றைக் கடந்து, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரம். சுற்றுலா வருவோர் ஒரு பகற்பொழுது கண்டு மகிழ்ந்து திரும்பும் மூடுபனியும் சாரலும் அங்குள்ள தேயிலைச் சரிவுகளில் உழைப்போருக்கு அன்றாட வாழ்க்கை. லயங்களில் வாழ்வோருள் தமிழ் வழியினர் பலர். இத்தகைய மலைத் தோட்டங்களில் பீடி குளிருக்குத் துணையாகவும், களைப்புக்கு இடைவேளையாகவும், இருவர் சேர்ந்து உட்காருவதற்குக் காரணமாகவும் அமைந்துவிடுகிறது. அதை விடுமாறு சொல்லச் செல்லும் சுகாதார ஊழியரும் ஆசிரியரும் புற்றுநோயைப் பற்றிச் சொல்கின்றனர்; இருதய நோயைப் பற்றிச் சொல்கின்றனர். விட்ட மூன்றாம் நாள் அம்மனிதரின் மனம் எவ்வாறு இருக்கும் என்பதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்புகின்றனர். பலர் மீண்டும் பீடிக்குத் திரும்புவதற்கு இம்மௌனம் ஒரு முக்கிய காரணம் எனக் கருத இடமுண்டு.

கேரளம் இத்துறையில் பின்தங்கிய மாநிலமன்று. பொது இடங்களில் புகைபிடிப்பதை அம்மாநில உயர் நீதிமன்றம் 1999 ஜூலை 12-இல் தடை செய்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 2003-இல்தான் வந்தது. 2002-இல் இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கப்பெற்ற 13 புகையிலை நிறுத்தச் சிகிச்சை மையங்களுள் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினுடையதும் ஒன்று. 2009-10-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் வயது வந்தோருள் நூற்றுக்கு 21.4 பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். 2016-17-இல் அது 12.7 ஆகக் குறைந்தது. எளிதில் விடக்கூடியவர்கள் விட்டுவிட்டனர், கடினமாகப் பற்றுண்டவர்களே எஞ்சியுள்ளனர் என்று கொண்டால், இனி வேண்டுவது அறிவுரையினும் நுட்பமான உதவி.

புகையிலிருந்து நிகோட்டின் சில விநாடிகளில் மூளையை அடைகிறது. அங்குள்ள சில ஏற்பிகளைத் தூண்டி, மகிழ்வுணர்ச்சியுடன் தொடர்புடைய டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள நிகோட்டின் பாதியாகக் குறைந்துவிடும். குறையக் குறைய எரிச்சலும் அமைதியின்மையும் தலைகாட்டும். அடுத்த பீடி அவற்றைத் தணிக்கும். புகைப்பவர் இதனைப் பீடி தந்த ஆறுதல் என எண்ணுகிறார். தணிந்த துன்பமோ முந்திய பீடி விட்டுச் சென்றது. முற்றிலும் நிறுத்தும்போது சினம், பதற்றம், தூக்கமின்மை, கவனச் சிதறல், மிகுந்த பசி ஆகியவற்றுடன் மனச்சோர்வும் சேர்ந்து வரும். முதல் வாரத்தில் இவை உச்சம் அடையும். பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். அதற்கப்பால் நிலைமை நேர்மாறானது. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரை, புகையை விட்டவர்களின் மனச்சோர்வும் கவலையும், தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிடுகையில், குறைந்தே காணப்பட்டன என்று காட்டியது. எனவே கடக்க வேண்டிய பள்ளம் ஒரு மாத அகலமுடையது. அதைத் தாண்டுவதற்குரிய பாலமாகவே நிகோட்டின் மாற்றுப் பொருள்களைக் கருத வேண்டும்.

இவற்றுள் முதலாவதான நிகோட்டின் சூயிங்கம் பிறந்த கதை சுவையானது. ஸ்வீடன் நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்களில் புகைபிடிக்க இயலாத மாலுமிகள் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு சமாளித்ததை அறிந்து, 1967-இல் ஓவே ஃபெர்னோ என்னும் மருந்து விஞ்ஞானிக்கு அவருடைய நண்பர் ஒருவர் அதனை எழுதித் தெரிவித்தார். புகையின்றி நிகோட்டினை மட்டும் தரலாம் என்னும் கருத்து அதிலிருந்து உருவாயிற்று. இன்று சூயிங்கமும், சப்பும் வில்லையும், தோலில் ஒட்டும் பட்டையும் உள்ளன. நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகளின் தொகுப்பு, இவற்றைப் பயன்படுத்துவோர் வெற்றி பெறும் வாய்ப்பு 50 முதல் 60 சதவீதம் கூடுகிறது எனக் கூறுகிறது. பட்டையுடன் சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துதல் தனியொன்றைக் காட்டிலும் பயன் மிக்கது. எழுந்த அரைமணி நேரத்துக்குள் முதல் பீடியைத் தேடுபவருக்கு 2 மில்லிகிராம் சூயிங்கம் பெரும்பாலும் போதாது. 4 மில்லிகிராம் வேண்டும். அதற்கு நம் நாட்டில் மருத்துவர் சீட்டு தேவை.

ஆனால் நடைமுறையில் நிகழ்வது யாது? நாளுக்கு இரண்டு மூன்று வில்லைகளை மிட்டாய்போல் மென்று விழுங்கிவிட்டு, பயனில்லை என்று நான்காம் நாள் கைவிடுகின்றனர். முதல் சில வாரங்களில் ஒன்று இரண்டு மணிக்கு ஒன்று வீதம் வேண்டியிருக்கும். மொத்தம் மூன்று மாதங்கள்வரை, படிப்படியாகக் குறைத்துக்கொண்டு, பயன்படுத்த வேண்டும். காரச்சுவை தோன்றும்வரை மெதுவாக மென்று, பின் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி, சுவை அடங்கியதும் மீண்டும் மெல்லுதல் முறை. விழுங்கப்பெற்ற உமிழ்நீரில் உள்ள நிகோட்டின் பெரிதும் வீணாவதோடு விக்கலையும் குமட்டலையும் தரும்.

தேயிலை விளையும் மலையில் தேநீரைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். நிகோட்டினை வாயின் உட்சவ்வு ஏற்பதற்குச் சற்றுக் காரத்தன்மை தேவை. தேநீரும் காப்பியும் வாயை அமிலத்தன்மைப்படுத்தி அதனைத் தடுக்கின்றன. சூயிங்கம் மெல்லுவதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்து மென்று முடிக்கும்வரை அவற்றைத் தவிர்க்க வேண்டும். மற்றொன்றும் உண்டு. புகையிலுள்ள கரிப்பொருள்கள் தேநீரின் காஃபீனை ஈரல் விரைந்து சிதைக்குமாறு செய்துவந்தன. புகை நின்றதும் அவ்வேகம் குறைந்து, வழக்கமான அதே ஐந்து குவளைத் தேநீர் உடலில் நெடுநேரம் தங்குகிறது, உறக்கம் கெடுகிறது, நெஞ்சு படபடக்கிறது. இதனை மாற்றுப் பொருள்கள் தடுப்பதில்லை. உறங்காதவனுக்கு மறுநாள் மனம் சோர்வதில் வியப்பில்லை. தேநீரைப் பாதியாகக் குறைத்தாலே ஒரு பகுதித் துன்பம் நீங்கும் என்பதை எத்தனை பேர் எடுத்துச் சொல்கின்றனர்?

சூயிங்கத்தை ஒழுங்காகப் பயன்படுத்தியும் சோர்வு முற்றும் நீங்காதவர் உண்டு. புகைப்பவரின் மூளையில் மோனோஅமீன் ஆக்சிடேஸ் பி என்னும் நொதி சுமார் 40 சதவீதம் குறைந்திருப்பதை அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜோயன்னா ஃபௌலரும் அவருடைய குழுவினரும் 1996-இல் கண்டனர். டோப்பமினைச் சிதைப்பது அந்நொதி. அதனை அடக்குபவை புகையின் பிற கூறுகள், நிகோட்டின் அன்று. ஆகவே நிகோட்டினைத் திருப்பிக் கொடுத்தாலும் புகை செய்துவந்த வேலை முழுவதும் திரும்புவதில்லை. எஞ்சிய சோர்வுக்கு மருந்தின் தோல்வியோ மனிதரின் உறுதிக்குறைவோ காரணம் என்று முடிவு கட்டுவது தவறு.

அவ்வெச்சத்தை வாழ்க்கை முறையால்தான் நிரப்ப வேண்டும். தோட்ட வேலையில், “பீடி பிடித்துவிட்டு வருகிறேன்” என்றால் மேற்பார்வையாளர் ஒப்புவார். “சிறிது உட்காருகிறேன்” என்றால் ஒப்புவாரா என்பது ஐயம். பீடியை விட்டவர் அதனுடன் தம் ஓய்வையும், உடன் உட்கார்ந்த தோழரையும் சேர்த்து இழந்துவிடுகிறார். சோர்வுக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுவதில்லை. அவ்வோய்வு அவருக்குத் தொடர்ந்து கிடைக்குமாறு செய்தல் வேண்டும்: ஒரு நடை, ஒரு பேச்சு, புகைக்காத ஒருவரின் துணை. உடலுழைப்பு மிக்கவருக்கும் தாமே விரும்பிச் செய்யும் செயல் ஒன்று நாள்தோறும் இருத்தல் மனத்தை எழுப்பும். வீட்டாரிடமும் முன்னரே சொல்லி வைத்தல் நலம். இரண்டாம் வாரத்தில் அவருடைய எரிச்சலைத் தாங்காமல், “இதற்குப் பழையபடி பீடியே மேல்” என்று மனைவியே சொல்லும்படி நேர்ந்தால் அதுவரை பட்ட பாடு வீணாகும்.

இவையெல்லாம் மருத்துவர்க்குரிய வேலை என்று ஊழியர் ஒதுங்க வேண்டியதில்லை. தென் கேரளத்தின் இரு நீரிழிவுச் சிகிச்சையகங்களில் 224 ஆண்களிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், மருத்துவரின் அறிவுரையுடன் மருத்துவரல்லாத ஊழியர் ஒருவரின் தொடர் ஆலோசனையும் பெற்றோருள் 51.8 சதவீதத்தினர் ஆறு மாத இறுதியில் புகையை விட்டிருந்தனர். அறிவுரையை மட்டும் பெற்றோருள் அவ்வாறு விட்டவர் 12.5 சதவீதத்தினர். அவர்கள் நோயாளிகள், விட்டதாகத் தாமே சொன்னவர்கள், எனவே அதே வெற்றியை மலைத் தோட்டத்தில் எதிர்பார்க்கலாகாது. திருவனந்தபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் 928 பேரிடம் நடந்து அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில் ஓராண்டு முடிவில் விட்டவர்கள் 14.7 சதவீதம், ஆலோசனை பெறாத பிரிவில் 6.8 சதவீதம். வேறுபாடு சிறியதாயினும் மெய்யானது.

ஊழியர் தம் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். முன்பு மனச்சோர்வு நோய்க்கு ஆளானவரா என்று விடும் நாளுக்கு முன்பே கேட்டறிய வேண்டும். அத்தகையோருக்கு உதவியை மறுத்தல் முறையன்று. 8,144 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான பன்னாட்டுச் சோதனையில் ஏறத்தாழ பாதிப்பேர் மனநோய் உடையவர்கள். பட்டை அணிந்தோரிடையே மனநலக் கேடுகள் போலி மருந்து பெற்றோரைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க அளவில் மிகவில்லை. மனநோய்க்குக் குளோசபின் அல்லது ஓலான்சபின் உட்கொள்வோர் மட்டும் புகையை நிறுத்துமுன் மருத்துவரிடம் சொல்லுதல் இன்றியமையாதது. தேநீரைப் போலவே அம்மருந்துகளும் உடலில் மிகுந்துவிடும். இரண்டு வாரங்களுக்கு மேல் இடையறாது நீளும் சோர்வும், உணவில் வெறுப்பும், தம்மைத் தாமே பழித்துக்கொள்ளுதலும் கண்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சாவைப் பற்றிய பேச்சு எழுந்தால் அன்றே, தனியே விடாமல், அழைத்துச் செல்ல வேண்டும். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணிலும், புகையிலையை விடுவோருக்கான 1800-11-2356 என்னும் எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிகோட்டின் மாற்றுச் சிகிச்சை சேர்க்கப்பெற்றது நல்ல செய்தி. பட்டியலில் ஏறியது மலையடிவாரத்து மருந்தறையிலும் கைக்கெட்ட வேண்டும். நாட்கூலி பெறுபவர் மூன்று மாதச் சூயிங்கத்தை விலைக்கு வாங்குவார் என எதிர்பார்ப்பது பொருந்தாது. வாயில் அடக்கும் புகையிலை மாற்றுப் பொருளாகாது என்பதையும், மின் சிகரெட்டுகள் 2019 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டவை என்பதையும் ஆசிரியர்கள் உயர் வகுப்பு மாணவரிடம் தெளிவாகச் சொல்லிவிடலாம். ஊழியர் தம் குறிப்பேட்டில், ஒருவர் புகையை விட்ட தேதியின் எதிரே, மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், முப்பதாம் நாள் என நான்கு தேதிகளைக் குறித்துக்கொண்டு, அந்நாட்களில் லயத்துக்குச் சென்று உறக்கத்தையும் தேநீரையும் மனநிலையையும் கேட்டு வருவதற்கு எவருடைய உத்தரவும் வேண்டியதில்லை.