நாய்க்கென்று ஒரு தட்டு கேழ்வரகு பிஸ்கட்



இந்த மாதமும் நம்முடைய குடும்பப் பகுதியில் அடுப்படியைக் குறித்தே எழுதுகிறோம். ஆனால் சுடப்போகும் பலகாரம் நமக்கன்று. வாசற்படியில் படுத்திருக்கும் நாய்க்கு. மனுஷருக்குச் சமைக்கவே நேரமில்லாத காலத்தில் நாய்க்குப் பிஸ்கட்டா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைத்தாலும் முழுவதையும் வாசித்துவிடுங்கள். பண்டிகை நாளில் பிரியத்தோடு நாம் போடும் ஒரு துண்டு கேக் அந்தப் பிராணியின் ஜீவனை வாங்கிவிடக்கூடும் என்பதைப் படித்தவர்களிலும் அநேகர் அறியார்கள்.

கோலார் தங்கவயலை எண்ணிக்கொண்டே இதை எழுதுகிறோம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபின், மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாய்ப் பெங்களூருக்குப் போகும் ரயில்தான் அவ்வூர்க் குடும்பங்களுக்குப் பிழைப்பின் வழியாயிற்று. தினமும் போய்த் திரும்பினவர்கள் சிலர். நகரத்திலேயே வாடகை வீடு பிடித்துத் தங்கிவிட்டவர்கள் பலர். நகரத்து வாடகை வீட்டில் நாய் வளர்க்க வீட்டுக்காரர் எளிதில் சம்மதியார். ஆகையால் நாய் தாத்தா பாட்டியோடு ஊரிலேயே இருக்கும். பிள்ளைகள் டிசம்பர் விடுமுறைக்குப் போகும்போது அதைக் கட்டிக்கொள்வார்கள். ஒரு வருஷத்துப் பிரியம் முழுவதும் அந்தப் பத்து நாளில் அதன் வாய்க்குள் போகும். அந்தப் பத்து நாளில் வீட்டில் இருப்பதோ கேக்கும் கல்கல்லும் ரோஸ் குக்கியும்.

தங்கவயலின் கிறிஸ்துமஸ் பலகாரங்களைப் பற்றி அவ்வூர்க்காரருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கங்களை நடத்தின காலத்தில் ஆங்கிலேயரும் ஆங்கிலோ-இந்தியரும் கொண்டுவந்த பிளம் கேக், வட ஆர்க்காட்டிலிருந்து வேலைக்கு வந்த தமிழர் வீட்டிலும் நாளடைவில் இடம்பிடித்துக்கொண்டது. அங்கே பிறந்து வளர்ந்த பிரிட்ஜெட் ஒயிட்-குமார் அம்மையார் ஆங்கிலோ-இந்தியச் சமையலைப் பற்றிப் பல நூல்களை எழுதியிருக்கிறார். அந்தச் சமையலில் பிளம் கேக் என்றால் பிளம் பழம் கட்டாயமில்லை. உலர்ந்த திராட்சைதான் அதன் உயிர். நாய்க்கு ஆகாததும் அந்தத் திராட்சையே.

திராட்சை, அது பச்சையாயிருந்தாலும் உலர்ந்ததாயிருந்தாலும், நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் என்பதை அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2001 ஆம் ஆண்டில் மருத்துவ இதழில் வெளியிட்டனர். காரணம் இன்னதென்று வெகுகாலம் விளங்காதிருந்தது. ஒரு நாய் கைப்பிடியளவு தின்றும் சுகமாயிருக்கும். மற்றொரு நாய் சில பழங்களிலேயே மடிந்துபோகும். 2021 ஆம் ஆண்டில்தான் திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாயிருக்கலாம் என்ற கருத்து வெளியாயிற்று. அந்த அமிலத்தின் அளவு பழத்துக்குப் பழம் மாறுவதால் விளைவும் மாறுகிறது. "எங்கள் காலத்தில் நாய்க்கு எல்லாவற்றையும் போட்டோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று பெரியவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் ஒரு நாய் தப்பினது அடுத்த நாய்க்குச் சாட்சியாகாது. இவ்வளவு தின்றால் ஆபத்தில்லை என்று எந்த மருத்துவரும் அளவு குறித்துக் கொடுப்பதில்லை.

நம் சபைகளைச் சேர்ந்த குடும்பங்கள் பழங்களை ரம்மில் ஊறவைப்பதில்லை. ஆரஞ்சுச் சாற்றிலோ கருக்கின சர்க்கரைப் பாகிலோ ஊறவைக்கிறோம். ஆகையால் நம் வீட்டுக் கேக் குற்றமற்றது என்று எண்ணிவிடவேண்டாம். ரம் சேர்த்தால் நாய்க்கு இரட்டை ஆபத்து. சேர்க்காவிட்டாலும் திராட்சையின் ஆபத்து அப்படியே இருக்கிறது. எந்தச் சாற்றில் ஊறினாலும் திராட்சை திராட்சைதான்.

அதே டார்டாரிக் அமிலம் நம்முடைய புளியிலும் மிகுதியாய் உண்டு. புளியைத் தின்ற நாய்களுக்கும் இதேவிதமான சிறுநீரகப் பாதிப்பு உண்டானதை 2022 ஆம் ஆண்டில் மருத்துவர்கள் எழுதினார்கள். மேல்நாட்டாருக்கு இது ஒரு சிறு செய்தி. நமக்கு அப்படியல்ல, மிஞ்சின புளிச்சோற்றையும் குழம்புச் சட்டியின் அடியையும் நாய்க்குக் கொட்டுவது நம் வீடுகளில் அன்றாட வழக்கமன்றோ? அந்தக் குழம்பில் வெங்காயமும் பூண்டும் வேறு இருக்கின்றன. அவை நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தத் தன்மை போகாது. கானானிய ஸ்திரீ ஆண்டவரிடத்தில் மேஜையின் கீழ் விழும் துணிக்கைகளைக் குறித்துப் பேசினதை நாம் அநேகந்தரம் வாசித்திருக்கிறோம். அந்நாளின் மேஜையிலிருந்து விழுந்தது அப்பம். இந்நாளின் மேஜையிலிருந்து என்னென்ன விழுகிறதென்பதை வீட்டுக்காரி பார்த்துக்கொள்ளவேண்டும்.

மற்றவைகளைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். சாக்லேட்டிலும் கோகோ பவுடரிலும் தியோபுரோமின் என்னும் பொருள் இருக்கிறது. மனுஷ சரீரம் அதைச் சில மணி நேரத்தில் கழித்துவிடும்; நாயின் சரீரத்திலோ அது வெகுநேரம் தங்கி இருதயத்தைத் தாக்கும். கறுப்புச் சாக்லேட்டும் கோகோ பவுடரும் பால் சாக்லேட்டைப் பார்க்கிலும் கொடியவை. சர்க்கரை வியாதிக்காரருக்கென்று விற்கும் சில இனிப்புகளிலும் சூயிங்கத்திலும் சேர்க்கப்படும் சைலிட்டால் நாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சடுதியில் இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த பச்சை மாவை நாய் விழுங்கினால் அது வயிற்றுக்குள்ளேயே உப்பி, புளித்து, சாராயமாகவும் மாறும். கல்கல்லும் ரோஸ் குக்கியும் விஷமல்ல. ஆயினும் அவற்றின் எண்ணெயும் சர்க்கரையும் நாயின் கணையத்தைப் புண்ணாக்கக்கூடும்.

அப்படியானால் பண்டிகை நாளில் நாய்க்கு ஒன்றுமே இல்லையா? பிள்ளைகள் இதைத்தான் முதலாவது கேட்பார்கள். அவர்கள் கையிலிருப்பதைப் பிடுங்கினால் மட்டும் போதாது. கொடுப்பதற்கு வேறொன்றை அந்தக் கையில் வைக்கவேண்டும். அதற்குக் கேழ்வரகே போதும்.

வட ஆர்க்காட்டிலிருந்து வந்த தொழிலாளியின் களியும் கோலார்ச் சீமைக் குடியானவனின் முத்தேயும் ஒரே தானியம்தான். களி தின்றே வளர்ந்த நாய்கள் அந்தச் சீமையில் ஏராளம். மாமிசப் பிராணிக்கு மாவுப் பண்டம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பவர்களுக்கு 2013 ஆம் ஆண்டில் ஒரு விடை கிடைத்தது. மாவுச்சத்தைச் செரிக்கச் செய்யும் ஒரு மரபணு ஓநாயிடத்தில் இரண்டு பிரதிகளே இருக்க, நாயினிடத்தில் நான்கு முதல் முப்பது வரை இருப்பதைச் சுவீடன் தேசத்து உப்சாலா பல்கலைக்கழகத்தார் கண்டு வெளியிட்டனர். மனுஷனோடு கூடி அவன் தானியத்தைத் தின்று வாழ்ந்ததின் அடையாளம் அது. ஆனாலும் வெறும் மாவு நாய்க்கு முழு ஆகாரமாகாது. முட்டையும் இறைச்சியும் வேண்டும். நாம் சொல்லப்போவது பலகாரம் மாத்திரமே.

கேழ்வரகு மாவு ஒரு டம்ளர், கோதுமை மாவு அரை டம்ளர், தோல் நீக்கி வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி அரை டம்ளர், முட்டை ஒன்று. இவ்வளவே. உப்பு, சர்க்கரை, வெல்லம், பால், சோடா மாவு, ஜாதிக்காய் எதுவும் வேண்டாம். நம் நாவுக்கு ருசியில்லாமலிருக்கிறதே என்று கைப்பழக்கத்தில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிடாதிருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து, தேவையானால் சிறிது தண்ணீர் தெளித்து, சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பிசையுங்கள். கால் அங்குல கனத்துக்குத் தேய்த்து, நாற்பது சிறு துண்டுகளாக வெட்டுங்கள். வெட்டும் வேலையைப் பிள்ளைகளிடத்தில் கொடுத்துவிடலாம்.

ஓவன் உள்ளவர்கள் 170 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டு, அணைத்தபின்னும் ஆறும்வரை உள்ளேயே விட்டுவிடுங்கள். ஈரம் முழுவதும் வற்றவேண்டும். ஓவன் இல்லாதவர்கள் கனமான சட்டியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிஷம் சூடாக்கி, பிறகு தட்டை இறக்கிச் சிறுதீயில் நாற்பது நிமிஷம் வைக்கலாம். கேக் மாவை அக்கம்பக்கத்துப் பேக்கரிக்குக் கொடுத்துச் சுட்டு வாங்குகிற வீட்டார் இந்தத் தட்டையும் கூடவே அனுப்பலாம். கேக்கோடு கலந்துவிடாதபடி அடையாளம் வைத்தால் சரி. பிஸ்கட்டை ஒடித்தால் படக்கென்று முறியவேண்டும். வளைந்தால் இன்னும் ஈரமிருக்கிறது, பூசணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரத்துக்கு உரியதை மட்டும் வைத்து, மீதியைக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள்.

எத்தனை கொடுக்கலாம்? நாயின் ஒரு நாள் ஆகாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் கூடாதென்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பத்துக் கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு இது சுமார் ஐம்பது கலோரி. நாம் வெட்டின அளவில் மூன்று பிஸ்கட். நான்கு பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆளுக்கு மூன்று என்று கொடுத்தால் பன்னிரண்டாகிவிடும். இதற்குப் பாட்டி ஒரு வழி செய்யலாம்: காலையிலேயே மூன்றை எண்ணி ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டால், அதிலிருந்து உடைத்துக் கொடுப்பது பிள்ளைகளின் பாடு. நாய் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு பிஸ்கட்டை நாலாய் உடைத்துக் கொடுத்தாலும் நாலுதரம் வாலாட்டும்.

தெரு நாய்களுக்கும் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்ட் 22 ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, குறிக்கப்பட்ட இடங்களிலன்றி வீதிகளில் தெரு நாய்களுக்கு உணவிடலாகாது என்கிறது. உங்கள் பகுதியில் அந்த இடம் எதுவென்று நகராட்சியில் கேட்டறியுங்கள். அறிமுகமில்லாத நாய்க்குப் பிள்ளைகள் கையால் ஊட்டவே கூடாது. வீட்டு நாயாயிருந்தாலும் வருஷந்தோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டபிறகே பிள்ளைகளை அதனோடு விளையாட விடுங்கள்.

இத்தனை ஜாக்கிரதைக்குப் பின்னும் நாய் கேக்கைத் தின்றுவிட்டதென்றால் வாந்தி வருகிறதா என்று மறுநாள்வரை காத்திருக்கவேண்டாம். திராட்சையின் விஷத்தில் முதல் நாள் வாந்தியும் சோர்வும் காணும். சிறுநீர் குறையத் தொடங்கும்போது காலம் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்த்தால் அவர் வாந்தி பண்ணுவித்து வெளியேற்றிவிடக்கூடும். வீட்டில் உப்புத்தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கவைக்க முயலாதிருங்கள். அந்த உப்பே நாயைக் கொன்றுவிடும். பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் அருகிலுள்ள கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணைப் பண்டிகைக்கு முன்னமே சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். போகும்போது மிஞ்சின கேக்கிலிருந்து ஒரு துண்டையும், நாயின் எடை, தின்ற நேரம், தின்ற அளவு ஆகியவற்றை எழுதின சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.