யூடோவும் தமிழும் பகையா?



“சனிக்கிழமைகளில் பிள்ளைக்கு யூடோப் போட்டி இருக்கிறது, மாஸ்டர். தமிழ் வகுப்பை நிறுத்திவிடலாமா?” என்று ஆண்டுதோறும் சில பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. முன்னொரு நாள் இக்கேள்விக்கு, “விளையாட்டா, தாய்மொழியா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்” என்று கடுமையாக விடையிறுத்தேன். அவர்கள் தீர்மானித்தார்கள். மறுவாரம் அம்மாணவனின் இருக்கை வெறுமையாயிற்று. ஊரில் ஆசிரியத் தொழில் புரிந்தவனாகிய நான் அன்று இழைத்தது தவறு என்பதை இம்மலர் வாயிலாக ஒப்புக்கொள்கிறேன்.

2003 ஆம் ஆண்டு மே மாதம் ஐரோப்பிய யூடோ சம்பியன் போட்டிகள் நமது டுசல்டோர்ஃப் நகரிலேயே நடைபெற்றன. அவை ஐரோப்பிய நாடுகளுக்கு மட்டுமே உரியவை. யப்பானியர் எவரும் அங்கு போட்டியிடவில்லை. ஆயினும் நடுவரின் வாயில் ஒலித்த கட்டளைகள் யப்பானிய மொழியிலேயே அமைந்தன. தொடங்குவதற்கு ‘ஹஜிமே’, நிறுத்துவதற்கு ‘மத்தே’, முழுமையான வெற்றிக்கு ‘இப்போன்’. பிரெஞ்சுக்காரரும் ரஷ்யரும் யேர்மனியரும் அச்சொற்களுக்குக் கட்டுப்பட்டே பொருதினர். உலகெங்கும் இன்றும் அதுவே வழக்கம்.

இது எவ்வாறு இயன்றது? யூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோ ஓர் ஆசிரியர். 1882 இல் டோக்கியோவிலுள்ள பௌத்த ஆலயமொன்றில், பன்னிரண்டு பாய்கள் கொண்ட சிறு இடத்தில், விரல்விட்டு எண்ணத்தக்க மாணவருடன் அவர் இக்கலையைத் தொடங்கினார். பின்னாளில் ஆசிரியர்களைப் பயிற்றும் உயர் கல்லூரியின் அதிபராகவும் நீண்டகாலம் விளங்கினார். உடற்பயிற்சியோடு விரிவுரையையும் வினாவிடையையும் தம் கல்வி முறையில் சேர்த்தவர் அவர். அவருக்கு உடலும் அறிவும் பகையல்ல. 1964 இல் யூடோ முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது, எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில் ஒல்லாந்தின் அன்ரன் கீசிங்க் யப்பானிய வீரரை டோக்கியோவிலேயே வென்றார். வெற்றி கைமாறியது, மொழி கைமாறவில்லை. கலையைப் பிறருக்கு ஈந்தவர்கள் அதன் சொற்களையும் சேர்த்தே ஈந்தனர்.

இந்நகரின் இம்மர்மன் வீதியில் நடந்து பாருங்கள். யப்பானிய எழுத்துகள் கடைதோறும் தென்படும். 1971 ஆம் ஆண்டிலேயே இங்கு தம் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையை அவர்கள் நிறுவிக்கொண்டனர். அவர்கள் வணிகத்தின் பொருட்டு வந்தவர்கள். நாடும் நிறுவனங்களும் அவர்களுக்குப் பக்கபலம். நாமோ அகதிகளாக வந்தவர்கள். நமக்கு வாய்த்தவை வார இறுதியின் சில மணி நேரமும் பெற்றோரின் உழைப்புமே. ஆதலால் அந்தச் சில மணி நேரத்தைக் காக்கவேண்டிய கடமை நமக்கு மிகுதி. ஆனால் காப்பது என்பது கதவை அடைப்பதன்று.

சில ஆண்டுகளின் பின் அம்மாணவனைத் தொடருந்து நிலையத்தில் கண்டேன். இடுப்புப் பட்டியின் நிறம் உயர்ந்துவிட்டதை மகிழ்வோடு கூறினான். யூடோவின் யப்பானியச் சொற்களைப் பிழையின்றி உச்சரித்தான். என்னோடு பேசியது முழுவதும் யேர்மன் மொழியிலேயே. அந்நிய மொழிச் சொற்களை ஆர்வத்துடன் கற்ற பிள்ளைக்குத் தமிழ் கற்கும் ஆற்றல் இல்லாமற் போகுமா? குறை பிள்ளையிடத்திலன்று, இரண்டில் ஒன்று என்று கோடு கீறிய என்னிடத்திலேயே.

ஆகவே என் கருத்து இதுதான். போட்டி நாளன்று வரவியலாத பிள்ளையின் பெயரை இடாப்பிலிருந்து வெட்டாதிருப்போம். தவறிய பாடத்தை வேறொரு நாளில் ஈடுசெய்வோம். போட்டியில் கண்டதைத் தமிழில் பத்து வரி எழுதிவரச் செய்து, வகுப்பில் வாசிக்க வைப்போம். பெற்றோரே, பிள்ளையை மண்டபத்தில் இறக்கிவிட்டுத் திரும்பாதீர்கள். அருகிருந்து தமிழில் உற்சாகப்படுத்துங்கள். பெண்பிள்ளைகளுக்கும் இதே உரிமையை வழங்குங்கள். மாணவர்களே, பட்டிப் பரீட்சையைக் காரணங்காட்டி வீட்டுவேலையைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

யூடோ பயில்வோர் தொடக்கத்தில் கற்பது வீழ்த்துவதையன்று. அடிபடாமல் விழுவதையும் மீண்டும் எழுவதையுமே. விழுந்து எழுந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள் நீங்கள். எழும்போது உங்கள் மொழியும் உங்களோடு எழட்டும். அந்த மாணவனின் இருக்கை இன்னும் அவனுக்காகக் காத்திருக்கிறது.