பேதைமை காவலாகுமா?

"அந்தப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பதா? தெரியாமலிருப்பதே நன்று!" அறிவு வளர்ச்சி குன்றியோர்க்குப் பாலியல் கல்வி வேண்டுமென்று நாம் வாய் திறந்ததும் வரும் விடை இது. படித்தோரும் இதையே பாடுகின்றனர். தெரியாமலிருந்ததால் தப்பியவர் எவர் என்று கேட்கிறோம்!

சண்டிகரில் பெற்றோரற்ற இளம்பெண் ஒருத்தி அரசாங்கத்தின் காப்பில் வாழ்ந்தாள். அந்தக் காப்பினுள்ளேயே கெடுக்கப்பட்டாள். 2009 மே மாதம் அவள் கருவுற்றிருப்பது தெரிந்தது. நிர்வாகம் செய்ததென்ன? கருவைக் கலைக்க நீதிமன்றத்திடம் ஆணை கேட்டது! உயர்நீதிமன்றம் இசைந்தது. அவளோ குழந்தை வேண்டுமென்றாள். அவள் இசைவின்றிக் கலைக்கலாகாது என்று இந்திய உச்சநீதிமன்றம் தடுத்தது. தீர்ப்பளித்த மூவருள் ஒருவர் தமிழர், நீதியரசர் சதாசிவம் என்பதில் நமக்கு மகிழ்ச்சியே.

அதற்கும் முன்பு, 1994இல், சிரூர் அரசு இல்லத்துப் பெண்கள் பலருக்குப் புனே மருத்துவமனையில் கருப்பை அகற்றப்பட்டது. மாதவிலக்கைப் பேண அவர்களுக்குத் தெரியவில்லையாம்! துணி மாற்றக் கற்பிக்க ஆளில்லை. கத்தி பிடிக்க ஆளிருந்தது!

கொத்மலைக்கு வருவோம். விடிந்ததும் தாய் கொழுந்தெடுக்க மலையேற வேண்டும். வளர்ந்த மகளை லயத்துக் காம்பராவில் தனியே விட அஞ்சுகிறவள், தொலைவிலுள்ள இல்லத்தில் சேர்க்கிறாள். கதவு பூட்டியிருப்பதால் மகள் பத்திரம் என்று நம்புகிறாள். அங்கே பேசுவது சிங்களமாயின், தனக்கு நேர்ந்ததை அப்பெண் எந்த மொழியில் சொல்வாள்? தன் உறுப்பின் பெயராக "சீ" என்பதை மட்டுமே கற்றவள் எதைத்தான் சொல்வாள்?

சட்டமுண்டு. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உடலோ உள்ளமோ குறைபாடுற்ற பெண்ணைக் கெடுத்தவனுக்குப் 10 முதல் 20 ஆண்டு கடூழியச் சிறை. 2016இல் இலங்கை ஏற்ற ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 23ஆம் உறுப்புரையோ, குடும்பம், மகப்பேறு பற்றிய அறிவை இவர்களின் உரிமையென்கிறது. ஆனால் சாட்சி சொல்வதற்குச் சொல் வேண்டாமா?

அந்தச் சொல்லைத்தான் கேட்கிறோம். படம் காட்டி, பொம்மை காட்டி, நூறு முறை திருப்பிச் சொல்லி, உடலின் உறுப்புகளைத் தமிழில் பெயர் சொல்லக் கற்பிக்கட்டும். பெரியவர் தொட்டாலும் "வேண்டாம்" எனலாம் என்று கற்பிக்கட்டும். ஆண்பிள்ளைகளுக்கும் கற்பிக்கட்டும், அவர்களும் கெடுக்கப்படுகின்றனர். இவர்களுக்கும் காதலுண்டு, மணவாழ்வில் ஆசையுண்டு. அதைச் சொல்ல நாம் கூசவில்லை.

பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் பெற்றோர் சோற்றையும் படுக்கையையும் விசாரிக்கின்றனர். இரவில் சாவி யாரிடம்? குளிப்பாட்டுவது யார்? இக்கல்வியைத் தமிழில் தருவது யார்? இவற்றையும் கேட்கட்டும். தனியே கேட்க அஞ்சினால் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் உடன் செல்லட்டும். சந்தா வாங்குவதற்கு வாசலுக்கு வருகிறவர்தாமே!