லிபியா: மறுநாளை யோசிக்காத தலையீடு

பக்கத்து வீட்டில் வெட்டுக்குத்து என்றால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? இன்னொரு நாட்டின் உள்நாட்டுப் போருக்கு ஜனநாயக நாடுகள் படை அனுப்பும்போதெல்லாம் எழும் கேள்வி இது. பதில் தேட லிபியாவைப் பார்க்கலாம்.

என்ன நடந்தது?

2011 மார்ச்சில் கடாபியின் படைகள் பெங்காசியை நெருங்கின. பொதுமக்களைக் காக்க ராணுவ நடவடிக்கை எடுக்கலாம் என ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் அனுமதித்தது. ஆதரவு 10 நாடுகள். இந்தியா உள்ளிட்ட 5 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. மார்ச் 19-ல் குண்டுவீச்சு தொடங்கியது. பிரிட்டன் எம்.பி.க்கள் வாக்களித்ததோ மார்ச் 21-ல்!

எங்கே சறுக்கியது?

பெங்காசி தப்பியது. ஆனால் தாக்குதல் அதோடு நிற்கவில்லை. ஆட்சிக் கவிழ்ப்பில் போய் முடிந்தது. அக்டோபர் 20-ல் கடாபி கொல்லப்பட்டார். 31-ஆம் தேதியே நேட்டோ மூட்டை கட்டியது. ஊரெல்லாம் ஆயுதக் குழுக்கள். அவற்றின் துப்பாக்கிகளை யார் வாங்கி வைப்பது? உருப்படியான திட்டம் இல்லை. 2014-ல் மறுபடியும் உள்நாட்டுப் போர், இரண்டு போட்டி அரசுகள். மறுநாளுக்குத் திட்டமிடாததே தன் மிகப்பெரிய தவறு என்று 2016-ல் ஒபாமாவே ஒப்புக்கொண்டார்.

அப்போ, ஒதுங்கி இருப்பதே சரியா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. 2013-ல் சிரியா மீதான தாக்குதலுக்கு வழிவிடும் தீர்மானத்தை பிரிட்டன் நாடாளுமன்றம் 285-272 எனத் தோற்கடித்தது. அங்கே போர் ஓயவில்லை, லட்சக்கணக்கானோர் மாண்டனர்.

ஆக, போனாலும் விலை உண்டு, போகாவிட்டாலும் உண்டு. யாரைக் காக்கப் போகிறோம், எப்போது நிறுத்துவோம், மறுநாள் யார் பொறுப்பு? இந்த மூன்றையும் முதல் குண்டு விழுவதற்கு முன்பே நாடாளுமன்றம் கேட்டாக வேண்டும். லிபியாவில் மூன்றாவது கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. அதற்கான விலையை லிபிய மக்கள்தான் கொடுத்தார்கள்.