காயலான் கடை இழைப்புளியே போதும்

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் போன் பண்ணினார். ஐடி வேலை. பால்கனியில உட்கார்ந்து சின்னதா ஒரு யுகுலேலே செஞ்சு பார்க்கணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை. "நீங்க பொண்ணுக்குத் தம்புரா செஞ்சீங்களே, எந்த இழைப்புளி வாங்கலாம்னு சொல்லுங்க. ஒன்னு 900 ரூபாய்னு காட்டுது, இன்னொன்னு 30,000 ரூபாய்னு காட்டுது. தலை சுத்துது சார்"னு சொன்னார்.

"ரெண்டும் வேண்டாம், உங்க ஊர் காயலான் கடைக்குப் போங்க"ன்னு சொன்னேன். சிரிச்சார். நான் விளையாட்டுக்குச் சொல்லலை. போன்ல முழுசா சொல்ல முடியாததை இங்கே எழுதிடுறேன். என்னை மாதிரி கைக்காசு குறைவா இருந்து, மரத்தில ஏதாவது ஒரு கருவி செய்யணும்னு ஆசை மட்டும் நிறைய இருக்கிறவங்களுக்கு உதவும்.

முதல்ல மரத்தோட கதை. 2018 நவம்பர் 16, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய ராத்திரி. எங்க புதுக்கோட்டைப் பக்கம் தென்னையும் பலாவும் வேரோட சாஞ்சு கிடந்த காட்சியை நீங்க அப்போ டிவியில பார்த்திருப்பீங்க. எங்க தோட்டத்தில விழுந்ததில ஒரு பலா, எங்க அம்மா கல்யாணமாகி வந்த வருஷம் நட்டது. மர வியாபாரிங்க லாரியோட வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்டாங்க. மற்றதை எல்லாம் கொடுத்துட்டேன். அந்த ஒரு மரத்தைக் கொடுக்க மனசு வரலை. மில்லுக்குக் கொண்டு போய் ஒரு அங்குலப் பலகையா அறுத்து, இடையிடையே குச்சி வெச்சு, நுனியெல்லாம் பெயின்ட் அடிச்சு, மாட்டுக் கொட்டகைப் பரணில அடுக்கி வெச்சேன். நாலு வருஷம் அங்கேயே காஞ்சது. அறுத்தப்போ மஞ்சளா இருந்த பலகை மெல்ல மெல்லப் பழுப்பேறி நிறம் மாறிப் போச்சு.

வீணைக்கும் தம்புராவுக்கும் பலா மரம்தான் நம்ம ஊர் வழக்கம்னு எல்லாருக்கும் தெரியும். பொண்ணு பக்கத்து டவுன்ல பாட்டு கத்துக்கிட்டிருந்தா. சுருதிக்கு செல்போன் ஆப்தான். "ஆத்தா வெச்ச மரத்தில எனக்கு ஒரு தம்புரா செஞ்சு தாங்கப்பா"ன்னு ஒருநாள் கேட்டுட்டா. குடம் குடையுற வேலை நமக்கு வராது. ஆனா குடம் இல்லாத தட்டையான பெட்டித் தம்புரா இருக்கே, அதைப் பழகிப் பார்க்கலாம்னு துணிஞ்சேன்.

அந்தப் பெட்டிக்கு உயிர் மேல்பலகை. குதிரை உட்காருற இடம் அது. கம்பி அதிர்றதைக் காத்துக்குக் கொண்டு சேர்க்கிறதும் அதுதான். தடிமனா இருந்தா சத்தம் உள்ளேயே அமுங்கிடும். ரொம்ப மெலிஞ்சா கம்பி இழுக்கிற இழுப்புக்குக் குழிஞ்சிடும். நான் வைக்க நினைச்சது 4 மில்லிமீட்டர். ஒரு பலகையை நடுவே ரெண்டா பிளந்து, புத்தகம் விரிச்ச மாதிரி பக்கத்தில பக்கத்தில வெச்சு ஒட்டணும். மெலிசா சீவுறது ஒன்னு, ஒட்டுற விளிம்பை நேர் பண்ணுறது ஒன்னு. இந்த ரெண்டு வேலைக்கும்தான் இழைப்புளி.

நானும் உங்களை மாதிரிதான். போன்ல பார்த்து, மலிவா இருந்த ஒரு புது இரும்பு இழைப்புளியை வாங்கினேன். பெட்டியிலிருந்து எடுத்த கையோட பலகை மேல வெச்சுத் தள்ளினேன். கரகரன்னு சத்தம். சுருள் வரலை, தூளும் சிராயும்தான் வந்துச்சு. பலாவோட நார் ஒரே திசையில ஓடாது. ஒரு வரி இந்தப் பக்கம் சாஞ்சா அடுத்த வரி அந்தப் பக்கம் சாயும். எந்தப் பக்கத்திலிருந்து தள்ளினாலும் ஏதாவது ஒரு வரி எதிர்த்துக்கிட்டுப் பிய்யும். பிய்ஞ்ச பள்ளத்தைச் சரி பண்ண இன்னும் கொஞ்சம் சீவினேன், அது வேற இடத்தில பிய்ஞ்சது. சாயங்காலம் பார்த்தா குதிரை உட்கார வேண்டிய இடத்தில பலகை ரெண்டு மில்லிமீட்டருக்கு வந்துடுச்சு. ஜோடியில ஒன்னு போச்சு. பொண்ணு ஒன்னும் சொல்லலை. கீழ கிடந்த சிராயைக் கூட்டி அள்ளிட்டுப் போனா. அதுதான் எனக்குத் தாங்கலை.

மறுநாள் எங்க ஊர் ஆசாரி ஐயாகிட்ட போனேன். எழுபது தாண்டியவர். கதவு நிலை, வண்டி, ஏர் எல்லாம் செஞ்ச கை. இப்போ வேலை இல்லை. ரெடிமேட் கதவு வந்துடுச்சு, இருக்கிற கொஞ்ச வேலைக்கும் பசங்க கரன்ட் மெஷின் வெச்சுக்கிட்டாங்க. என் புது இழைப்புளியை வாங்கி, பிளேடைக் கழற்றி, கட்டை விரலைக் குறுக்கே வெச்சுத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, அரிவாளைத் தீட்டாம நீ வயலுக்குப் போவியா?"

"போக மாட்டேன் ஐயா."

"அப்புறம் இதை மட்டும் ஏன் அப்படியே எடுத்தே? கடைக்காரன் உனக்கு வித்தது இரும்பு. இழைப்புளியா ஆக்க வேண்டியது நீதான்."

விலையைப் பத்தி என் அபிப்பிராயம் இந்த ஒரு பேச்சிலிருந்துதான் ஆரம்பிக்குது. முப்பதாயிரம் ரூபாய்க் கருவி நல்ல கருவிதான், மறுக்கலை. அடிப்பாகம் சமமா இருக்கும், பிளேடு நல்ல எஃகா இருக்கும். ஆனா அதுவும் சில மணி நேரம் வேலை செஞ்சா மழுங்கும். மறுபடி தீட்டத் தெரியலைன்னா முப்பதாயிரமும் தொள்ளாயிரமும் ஒன்னுதான். தீட்டத் தெரிஞ்சவனுக்கோ அவ்வளவு காசு தேவையே இல்லை. அதனால கருவிக்குக் கம்மியா செலவு பண்ணுங்க, சாணைக்கல்லுக்கும் பழகுற நேரத்துக்கும் கூட செலவு பண்ணுங்க.

ஏன் காயலான் கடைன்னா, இரும்பு இழைப்புளியோட அமைப்பு பெருசா மாறவே இல்லை. அமெரிக்காவில லெனார்ட் பெய்லின்னு ஒருத்தர் கண்டுபிடிச்ச அமைப்பு அது. 1869ல ஸ்டான்லி கம்பெனி அவர் தொழிலை வாங்கிடுச்சு. இன்னிக்கும் கடையில கிடைக்கிற சாதாரண இரும்பு இழைப்புளி பெரும்பாலும் அதே அமைப்புதான். 4ஆம் நம்பர்னா ஒன்பதரை அங்குல நீளம், 5ஆம் நம்பர்னா 14 அங்குலம், 7ஆம் நம்பர்னா 22 அங்குலம். அதனால நாப்பது வருஷம் பழைய இழைப்புளி துருப் பிடிச்சுக் கிடந்தாலும் அது பழசாகிப் போன கருவி இல்லை.

முதல் இழைப்புளி ஒன்னே ஒன்னுதான் வாங்குவேன்னா, என் ஓட்டு 5ஆம் நம்பருக்கு. யுகுலேலே, தம்புரா, கிடார் அளவுக்கு அது நடுத்தரம். விளிம்பை நேர் பண்ணவும் ஆகும், பலகையை மெலிசாக்கவும் ஆகும். உள்ளங்கை அளவு சின்ன இழைப்புளி பார்க்க ஆசையா இருக்கும், விலையும் கம்மி. ஓரத்தைத் தட்டிச் சரி பண்ண அது நல்லது. ஆனா அதை வெச்சு ரெண்டடி விளிம்பை நேராக்குறது கஷ்டம். பள்ளத்தில இறங்கி மேட்டில ஏறி, இருக்கிற வளைவையே சீவிக்கிட்டுப் போகும். நீளமானது மேட்டை மட்டும் பிடிச்சுச் சீவும்.

பழசு வாங்குறப்போ ஆசாரி ஐயா பார்க்கச் சொன்னது இது. வாய்ப் பக்கம் கீறல் விட்டிருந்தா தொடாதே. அடியில ஒரு இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வெச்சு வெளிச்சத்தில பிடி. மயிரிழை வெளிச்சம் பரவாயில்லை, நடுவில வெத்திலை நுழையுற அளவு பள்ளம்னா வெச்சிடு. பிளேடு இன்னும் ஒரு அங்குலத்துக்கு மேல தீட்ட மிச்சம் இருக்கான்னு பார். அதுக்கு மேல ஒட்டி உட்காருற தகடு இருக்கான்னு பார், அது தொலைஞ்சு போயிருந்தா தேடி அலையணும். திருகு சுத்துதான்னு பார். துருவைப் பத்திக் கவலைப்படாதே, மண்ணெண்ணெயில ஊறப் போட்டா போயிடும்.

புதுக்கோட்டையில ஒரு காயலான் கடையில தேடிப் பிடிச்சேன். 5ஆம் நம்பர், 450 ரூபாய். ரெண்டு பக்கமும் தீட்டுற சாணைக்கல் 350. போட்டோவுக்குச் சட்டம் போடுற கடையில தடிமன் கண்ணாடித் துண்டு 100. உப்புத்தாள் 100. ஆக மொத்தம் ஆயிரம் ரூபாய். கண்ணாடி மேல உப்புத்தாளை ஒட்டி, இழைப்புளியோட அடியை அதில தேய்ச்சுச் சமமாக்கணும். பிளேடோட தட்டைப் பக்கத்தைக் கண்ணாடி மாதிரி மின்ன வைக்கணும். சாய்வுப் பக்கத்தை 25லிருந்து 30 டிகிரி வர்ற மாதிரி கல்லில தீட்டி, பின்னாடி பிசிறு விரலில தட்டுற வரைக்கும் விடக் கூடாது. பிசிறை எடுத்துட்டுக் கை முடியில வெச்சா சவரம் பண்ணணும். எனக்கு இது வர்றதுக்கு ஒரு வாரம் ஆச்சு. ராத்திரி சாப்பிட்டுட்டு திண்ணையில உட்கார்ந்து தேய்ப்பேன்.

பலாவுக்கு இன்னும் ஒரு சூட்சுமம் இருக்கு. அந்த மேல் தகட்டை பிளேடு முனைக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவா ஒட்டி வைக்கணும். அப்போ சீவல் எழும்புறதுக்கு முன்னாடியே மடங்கிடும், நாரைப் பிய்ச்சுக்கிட்டுப் போக விடாது. ரொம்ப மெலிசா, கொஞ்சம் சாய்வாத் தள்ளணும். கடைசியா இருக்கிற சொரசொரப்புக்கு உடைஞ்ச கண்ணாடித் துண்டால சுரண்டினா போதும். நம்ம ஆசாரிமார் ரொம்ப காலமா செய்யுறதுதான்.

இதைச் சொன்னதும் "மில்லில மெஷின்ல போட்டா அஞ்சு நிமிஷத்தில ஆயிடுமே"ன்னு சிலர் கேட்பாங்க. நியாயமான கேள்வி. ஒரு அங்குலத்திலிருந்து அரை அங்குலம் வரைக்கும் மெஷின்ல போடுங்க, நானும் அதைத்தான் செஞ்சேன். 4 மில்லிமீட்டருக்கு வர்றப்போ மெஷினை நம்பாதீங்க. பலகையோட நுனியில கூட ரெண்டு கடி கடிக்கும், பலாவைக் கொத்தா பிய்க்கும். அந்தக் கட்டத்தில பலகையைக் கையில தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு, கட்டை விரலால அழுத்திப் பார்த்துச் சீவணும். மெஷினுக்குக் காது கிடையாது.

சரி, மலிவா வாங்கின அந்தப் புது இழைப்புளி என்ன ஆச்சு? அதையும் அதே கண்ணாடியில தேய்ச்சு, அதே கல்லில தீட்டினேன். இப்போ ஓரளவு ஓடுது. பிளேடு சீக்கிரம் மழுங்குது, அவ்வளவுதான். அதனால காயலான் கடையில கிடைக்கவே இல்லைன்னா 900 ரூபாய்க்குப் புதுசே வாங்குங்க, தப்பில்லை. முதல் வாரம் அதை வெச்சு நல்ல மரத்தைத் தொடாதீங்க. நான் தொட்டதால ஒரு பலகை போச்சு.

தம்புரா முடிஞ்சிடுச்சு. ஒட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு விளிம்பையும் சேர்த்து ஜன்னலுக்கு எதிரே பிடிச்சுப் பார்ப்பாங்க, நடுவில வெளிச்சம் வரக் கூடாது. முதல் நாள் எனக்குக் கோடு கோடா வெளிச்சம் வந்துச்சு. மூணாவது நாள் சாயங்காலம் பொண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பார்த்துட்டு, "இருட்டா இருக்குப்பா"ன்னு சொன்னா. அன்னிக்கு எனக்கு அறுவடை முடிஞ்ச மாதிரி இருந்துச்சு. சத்தம் தஞ்சாவூர்த் தம்புரா மாதிரி வராது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா கம்பிக்கு அடியில ஜீவாளி நூலை நகர்த்தி, சரியான இடத்தில நிறுத்தினா, வீட்டுக்குள்ள ஒரு ரீங்காரம் நிக்குது. எங்க அம்மா அதைக் கேட்டுட்டுத்தான் இப்போ சாயங்காலம் விளக்கேத்துறாங்க.

கடைசியா ஒன்னு. வேலை முடிஞ்சு காட்டப் போனப்போ ஆசாரி ஐயா பரணிலிருந்து ஒரு சாக்கைப் பிரிச்சார். அவங்க அப்பா செஞ்ச மர இழைப்புளி ரெண்டு, புளியஞ்சேகில செஞ்சது. ஆப்பு வெச்சு இறுக்குறது, பின்பக்கம் சுத்தியால ஒரு தட்டு தட்டினா பிளேடு தளரும். மூணாவது ஒன்னு இருந்ததாம், போன வருஷம் வெந்நீர் அடுப்புக்குப் போயிடுச்சாம். "இதை யார் கேக்கப் போறா தம்பி"ன்னார்.

நீங்க கேளுங்க. உங்க தெருவிலயோ, சொந்த ஊரிலயோ ஒரு பழைய ஆசாரி கட்டாயம் இருப்பார். ஆன்லைன்ல தேடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போங்க. கருவியை இனாமா கேட்காதீங்க, நல்ல விலை கொடுங்க. கூடவே ரெண்டு நாள் உட்கார்ந்து தீட்டக் கத்துக்கிட்டு, அதுக்கும் கூலி கொடுங்க. எல்லாம் சேர்ந்தாலும் அந்த முப்பதாயிரத்தில பத்தில ஒரு பங்குகூட ஆகாது.

நான் ரெண்டில ஒன்னை வாங்கிட்டேன். இன்னொன்னு அந்தச் சாக்கிலதான் இருக்கு. வேணும்னா சொல்லுங்க, ஐயாகிட்ட பேசி வைக்கிறேன்.